மே மாசத்துல விசைப்படகு சத்தம்

கேள்வி: அண்ணே, கடல் அட்டை கடத்தல வச்சு ஒரு க்ரைம் நாவல் எழுதியிருக்கேன், முப்பது அத்தியாயம். படிச்சவங்க எல்லாரும் நடுவுல இழுக்குதுங்குறாங்க. வாக்கியத்தையெல்லாம் சின்னதா வெட்டிப் பார்த்தேன், அப்பவும் வேகம் வரல. மூணு அத்தியாயம் அனுப்பியிருக்கேன், படிச்சுட்டு சொல்லுங்க.
– ஒரு வாசகர், மண்டபம்

பதில்: தம்பி, ரெண்டு தடவ படிச்சேன். வாக்கியத்துல ஒரு குறையும் இல்ல, வெட்டுனத திரும்ப சேத்துருங்க. பதிமூணாவது அத்தியாயத்துல இன்ஸ்பெக்டர் ஏட்டுக்கு அட்டைய எப்படி அவிப்பாங்க, எப்படி காயவைப்பாங்க, 2001லயே வன உயிரின சட்டத்துல முதல் அட்டவணைல சேத்துட்டாங்கன்னு நாலு பக்கத்துக்கு பாடம் எடுக்குறாரு. மண்டபத்துல வேலை பாக்குற ஏட்டுக்கு இது தெரியாதா? அவருக்குத் தெரிஞ்சத அவருக்கே சொல்றப்ப கதை நின்னுபோகுது. பூட்டிக் கிடக்குற ஒரு வீட்டுலேர்ந்து அட்டை அவிச்ச நாத்தம் வருது, ஏட்டு சைக்கிள நிறுத்துறாரு, அவ்ளோ போதும். சட்டத்த பத்தி ஒரே ஒரு வரி, அதுவும் மாட்டுனவன் ஜாமீன் கிடைக்குமான்னு கேக்குறப்ப வரட்டும்.

அடுத்தது க்ளைமாக்ஸ். மே மாசம், வில்லன் விசைப்படகுல ஏறி மத்த படகோட படகா கலந்து தப்பிக்கிறான்னு எழுதியிருக்கீங்க. ஏப்ரல் 15லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் மீன்பிடி தடைக்காலம், விசைப்படகெல்லாம் கரையிலதான் கிடக்கும், நம்ம பக்கம் சின்னப்புள்ளைக்கும் தெரிஞ்ச விஷயம் இது. ஆனா மாசத்த மாத்திராதீங்க தம்பி, உங்க கதைக்கு வேணுங்குற வேகமே இதுக்குள்ளதான் இருக்கு. நாட்டுப்படகு மட்டும் போற கடல்ல நடுராத்திரி ஒரு பெரிய எஞ்சின் சத்தம் கேட்டா, கரையில படுத்திருக்குற கிழவி கூட எந்திரிச்சு உக்காந்துருவா. அதனால வில்லன் விசைப்படக எடுக்க முடியாது, வள்ளத்துலதான் போயாகணும், மெதுவாத்தான் போகும், விடியுறதுக்குள்ள எல்லையத் தாண்டணும், டேங்க்ல எண்ணெய் எவ்ளோ இருக்குன்னு டார்ச் அடிச்சுப் பாத்துக்கிட்டே போறான். இப்ப படகு மெதுவா போகப் போக வாசகன் வேகமா பக்கத்தப் புரட்டுவான், ஏன்னா எத்தனை மணிக்குள்ளங்குற கணக்கு அவனுக்கும் தெரிஞ்சுபோச்சு.

உங்க நடு அத்தியாயங்கள்ல இந்தக் கணக்கே இல்ல. ஒவ்வொன்னுக்கும் மேல பென்சில்ல எழுதிப் பாருங்க, யாருக்கு என்ன வேணும், எப்பக்குள்ள வேணும்னு. ரெண்டாவதுக்கு பதில் வரலைன்னா அந்த அத்தியாயம்தான் இழுக்குது. திருத்திட்டு மறுபடி அனுப்புங்க, நான் முழுசா படிக்கிறேன்.

கேள்வி: த்ரில்லர் எழுத தினம் எத்தனை பக்கம் எழுதணும்ணே?
– ஒரு வாசகி, தொண்டி

பதில்: பக்கக் கணக்கு வேணாம்மா. ஒரு சீன் முடியுறதுக்கு நாலு வரி இருக்குறப்பவே நோட்ட மூடிருங்க. கதவத் தட்டுனது யாருன்னு உங்களுக்குத் தெரியும், ஆனா இன்னும் எழுதல, மறுநாள் காலைல உலை கொதிக்குறப்பவே கை பேனாவத் தேடும்.