வேலைக்குப் போகும் முன் ஓடினால் அன்றைய தெம்பு குறைந்துவிடாதா?

திருப்பூர் பனியன் கம்பெனியில் நாள் முழுக்க உட்கார்ந்து தைப்பவர், ஏற்கெனவே சோர்ந்திருக்கும் உடம்பை ஓடவும் விட்டால் என்னாகும் என்று கேட்டிருக்கிறீர்கள். அளவாக ஓடினால் தெம்பு கூடவே செய்யும்.

சில வாரங்கள் தொடர்ந்து ஓடும்போது, தசைச் செல்களுக்குள் ஆற்றலை உண்டாக்கும் மைட்டோகாண்ட்ரியாக்கள் பெருகுகின்றன. இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் கூடுதல் இரத்தத்தைத் தள்ளப் பழகுவதால், படியேறுவது, சுமை தூக்குவது போன்ற அன்றாட வேலைகள் உடலுக்கு முன்னைவிட இலகுவாகின்றன. இரவுத் தூக்கமும் ஆழமாகும். எனக்கு முதலில் தெரிந்த மாற்றம் அதுதான்.

ஜார்ஜியா பல்கலைக்கழகத்தின் 2008ஆம் ஆண்டு ஆய்வில், எப்போதும் சோர்வாக உணர்ந்த இளைஞர்கள் 6 வாரங்கள், வாரம் 3 முறை, 20 நிமிடம் ஒரே இடத்தில் நிற்கும் உடற்பயிற்சி மிதிவண்டியை மிதித்தார்கள். மெதுவாக மிதித்தவர்களுக்கே சோர்வு அதிகமாகக் குறைந்தது. ஓட்டத்துக்கும் இதையே வழிகாட்டியாகக் கொள்ளலாம் என்பது என் கருத்து.

ஆகவே, பக்கத்தில் வருபவரோடு பேசிக்கொண்டே ஓட முடிகிற வேகம் போதும். கோவை ரேஸ்கோர்ஸ் நடைபாதையின் சுமார் இரண்டரை கிலோமீட்டர்ச் சுற்றை, முதல் மாதம் இரண்டு நிமிட ஓட்டமும் இரண்டு நிமிட நடையுமாக மாற்றி மாற்றி முடித்தாலே நல்ல தொடக்கம். தூக்கத்தை வெட்டி மட்டும் ஓடாதீர்கள். சோர்வு பல வாரங்கள் நீடித்தால், இரத்தசோகையும் தைராய்டும் பரிசோதித்துப் பாருங்கள். அவற்றை ஓட்டம் சரிசெய்யாது.