ஓட்டைப் பிரித்தது யார்?

அன்புள்ள ஐயா,

இருபது வருடமாக மிச்சிகனில் இருக்கிறோம். 2024-இல் தபால் ஓட்டுச் சீட்டு வந்து இரண்டு வாரம் சாப்பாட்டு மேசையிலேயே கிடந்தது. காஸா செய்திகளைப் பார்த்துவிட்டு, கமலா ஹாரிஸ் பெயருக்குப் பக்கத்தில் இருந்த வட்டத்தைக் கறுப்பாக்க எனக்குக் கை வரவில்லை. பசுமைக் கட்சியின் ஜில் ஸ்டைனுக்குப் போட்டேன். டிரம்ப் ஜெயித்த அன்று காலையில் என் வீட்டுக்காரர், "நீ போட்டது டிரம்புக்குத்தான்" என்றார். அவர் கோபம் அன்றைக்கே தணிந்துவிட்டது. அந்த வார்த்தை எனக்கு இன்னும் ஆறவில்லை. மூன்றாவது கட்சிக்குப் போடுவது நாம் நம்புகிற விஷயங்களுக்கு உதவுமா, கெடுக்குமா? நேராகச் சொல்லுங்கள்.

சுமதி

அன்புள்ள சுமதி,

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். 2024-இல் மிச்சிகனில் டிரம்ப் சுமார் 80,000 ஓட்டு முன்னால் இருந்தார். ஸ்டைனுக்கு அங்கே விழுந்தவை 45,000-க்கும் குறைவு. அத்தனையும் ஹாரிஸுக்குப் போயிருந்தாலும் முடிவு மாறியிருக்காது. உங்கள் வீட்டுக்காரர் சொன்னது கணக்குப்படி சரியில்லை.

ஆனால் இதோடு நிறுத்த எனக்கு மனசு வரவில்லை. வட்டத்தைக் கறுப்பாக்கும்போது வித்தியாசம் எவ்வளவு என்று உங்களுக்குத் தெரியாதே. 2016-இல் அதே மாநிலத்தில் டிரம்ப் ஹிலாரி கிளிண்டனைத் தாண்டியது 10,704 ஓட்டில். அப்போதும் ஸ்டைன் நின்றார். வாங்கியது 51,000-க்கு மேல். அவர்களில் பலர், ஸ்டைன் இல்லாவிட்டால் ஓட்டுப் போடவே போயிருக்க மாட்டார்கள் என்பதும் உண்மைதான். இருந்தாலும் ஐந்தில் ஒருவருக்குச் சற்று மேல் மனசை மாற்றியிருந்தால் போதும்.

இந்தப் பேச்சு வந்தால் எல்லோரும் போய் நிற்கிற இடம் ஃப்ளோரிடா, 2000. ஒரு தேர்தல் அதிகாரி, துளை போட்டு ஓட்டளிக்கும் அட்டையைத் தூக்கிப் பிடித்து, பூதக்கண்ணாடி வழியாகக் கண் பிதுங்கப் பார்க்கும் படம் எல்லாப் பத்திரிகைகளிலும் வந்தது. நான் அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தது நினைவிருக்கிறது. அட்டையில் துளை முழுதாக விழுந்ததா, துணுக்கு ஒட்டிக்கொண்டு தொங்குகிறதா என்பதில் ஒரு நாட்டின் அதிபர் பதவி தொங்கியது. கடைசியில் குடியரசுக் கட்சியின் ஜார்ஜ் புஷ், ஜனநாயகக் கட்சியின் அல் கோரைத் தாண்டி ஜெயித்தது 537 ஓட்டில். பசுமைக் கட்சியின் ரால்ஃப் நேடர் அந்த மாநிலத்தில் வாங்கியது 97,488.

நேடர் சாதாரண ஆள் இல்லை. இன்று அமெரிக்கக் கார்களுக்குப் பாதுகாப்பு விதிகள் இருப்பதில் 1965-இல் அவர் எழுதிய புத்தகத்துக்குப் பெரிய பங்கு உண்டு. அவர் காப்பாற்றிய உயிர்களை யாராலும் எண்ண முடியாது. அவர்தான் ஊர் ஊராகப் போய் இரண்டு கட்சியும் ஒரே குட்டையில் ஊறிய மட்டைகள் என்ற பொருளில் பேசினார். அது தவறு என்று அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன். புஷ் இரண்டாவது தவணையில் உச்ச நீதிமன்றத்துக்கு அனுப்பிய ராபர்ட்ஸும் அலிட்டோவும் 2013-இல் 5-க்கு 4 என்று வந்த தீர்ப்பில் பெரும்பான்மைப் பக்கம் இருந்தார்கள். கறுப்பினத்தவர் ரத்தம் சிந்திப் பெற்ற 1965-ஆம் ஆண்டு வாக்குரிமைச் சட்டத்தின் முதுகெலும்பை முறித்த தீர்ப்பு அது. முதல் தவணை கிடைக்காதவருக்கு இரண்டாவது தவணை ஏது?

அதே சமயம் பழி முழுவதையும் நேடர் தலையில் போடுவதும் நியாயமில்லை. பாம் பீச் மாவட்டத்தில் சீட்டை இரண்டு பக்கமாகப் பிரித்து, துளைகளை நடுவில் வைத்தார்கள். இடப்பக்கம் இரண்டாவதாக இருந்தது கோர் பெயர். ஆனால் இரண்டாவது துளை வலப்பக்கத்தில் இருந்த சிறு கட்சி வேட்பாளர் புக்கானனுக்குரியது. கோருக்கு மூன்றாவது துளை. 19,000-க்கு மேற்பட்ட சீட்டுகள் ஒன்றுக்கு மேல் துளை விழுந்து செல்லாமல் போயின. அப்புறம், கோர் சொந்த மாநிலமான டென்னசியிலேயே தோற்றார். அங்கே நேடர் ஓட்டு முழுவதையும் சேர்த்தாலும் ஜெயித்திருக்க முடியாது. அந்த மாநிலம் கிடைத்திருந்தால் ஃப்ளோரிடாவே தேவைப்பட்டிருக்காது.

உங்கள் கேள்வி 2000-க்கும் ரொம்ப முந்தையது. 1844-இல் அடிமை முறையை எதிர்த்து லிபர்ட்டி கட்சி என்ற சிறு கட்சி நின்றது. வேட்பாளர் ஜேம்ஸ் பர்னி. பெரிய கட்சிகளில் ஒரு பக்கம் டெக்சாஸை அடிமை மாநிலமாகச் சேர்த்தே தீருவேன் என்ற போல்க். இன்னொரு பக்கம் ஹென்றி கிளே. அவரிடமும் அடிமைகள் இருந்தார்கள். டெக்சாஸ் விஷயத்தில் அவர் மழுப்பினார். நியூயார்க்கில் போல்க் சுமார் 5,000 ஓட்டில் ஜெயித்தார். பர்னிக்கு அங்கே 15,000-க்கு மேல் விழுந்தது. நியூயார்க் போனதால் கிளேவுக்கு அதிபர் பதவியும் போனது. மறு வருடம் டெக்சாஸ் சேர்ந்தது, அடுத்து மெக்சிகோவுடன் யுத்தம்.

1845-இல் ஓர் இளம் வக்கீல் நண்பருக்கு எழுதிய கடிதத்தில் இதை நொந்துகொண்டார். நியூயார்க்கில் அடிமை முறையை எதிர்த்தவர்கள் கிளே பக்கம் இருந்த எங்களோடு நின்றிருந்தால் டெக்சாஸ் சேர்க்கப்பட்டிருக்காது, கனியைப் பார்த்துத்தானே மரத்தை அறிய வேண்டும் என்கிறார். அந்த வக்கீல் ஆபிரகாம் லிங்கன். இந்த விஷயத்தில் உங்கள் வீட்டுக்காரர் பக்கம்தான் அவரும்.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. லிபர்ட்டி கட்சிக்காரர்கள் தேர்தல் முடிந்ததும் வீட்டுக்குப் போகவில்லை. 1848-இல் பெரிய கட்சிகளிலிருந்து உடைந்து வந்தவர்களோடு சேர்ந்து ஃப்ரீ சாயில் கட்சி கட்டினார்கள், பத்து சதவீத ஓட்டு வாங்கினார்கள். 1854-இல் அவர்களில் பெரும்பகுதியினர் புதிய குடியரசுக் கட்சிக்குள் வந்தார்கள். 1860-இல் அந்தக் கட்சியின் அதிபராக வந்தவர் அதே லிங்கன். லிபர்ட்டி கட்சியில் இருந்த ஒஹாயோ வக்கீல் சால்மன் சேஸ் அவருடைய நிதியமைச்சரானார், 1864-இல் தலைமை நீதிபதியும் ஆனார். கறுப்பர் அமெரிக்கக் குடிமகனாக முடியாது என்று தீர்ப்பெழுதிய டானி உட்கார்ந்திருந்த நாற்காலி அது.

பசுமைக் கட்சியை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 2000-இல் நாடு முழுக்க 5 சதவீதம் வாங்கினால் அடுத்த தேர்தலுக்கு அரசுப் பணம் கிடைக்கும் என்றார்கள். கிடைத்தது 2.7 சதவீதம், 28 லட்சத்துக்கு மேல் ஓட்டு. நான்கு வருடம் கழித்து அதே கட்சி வாங்கியது சுமார் 1.2 லட்சம். அந்த 28 லட்சம் பேரும் எங்கே போனார்கள்? நடுவில் ஒன்றும் கட்டப்படவில்லை. நான்கு வருடத்துக்கு ஒரு முறை அதிபர் தேர்தலுக்கு மட்டும் முகம் காட்டுகிற கட்சியால், கடும் போட்டி நடக்கும் மாநிலத்தில், நாம் நம்புகிறவற்றுக்குக் கெடுதல்தான். நேராகச் சொல்லச் சொன்னீர்கள், சொல்லிவிட்டேன். நீங்கள் கலிபோர்னியாவில் இருந்திருந்தால் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். அங்கே யாருக்குப் போட்டாலும் அதிபர் தேர்தலில் ஒன்றும் மாறாது.

உங்கள் கை வராமல் போனதை நான் குறைத்துப் பேசவில்லை. 2024 பிப்ரவரியில் உங்கள் மாநிலத்தில் ஜனநாயகக் கட்சி தன் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முதற்கட்டத் தேர்தலில், காஸாவுக்காக ஒரு லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் பைடனுக்குப் போடாமல் 'யாருக்கும் உறுதியில்லை' என்ற வட்டத்தைக் கறுப்பாக்கினார்கள். எனக்குப் பிடித்த வழி அதுதான். ஆனால் ஆகஸ்டில் சிகாகோ மாநாட்டில் ஒரு பாலஸ்தீன அமெரிக்கருக்கு மேடையில் சில நிமிடம் பேசக்கூட அந்தக் கட்சி இடம் கொடுக்கவில்லை. நவம்பரில், அரபு அமெரிக்கர் நிறைய வாழும் உங்கள் மாநிலத்து டியர்பார்ன் நகரத்தில் ஸ்டைனுக்கு 18 சதவீதம் விழுந்ததற்கு அந்தக் கதவடைப்பும் ஒரு காரணம். ஓட்டைப் பிரித்தவர் பட்டியலில் கதவைச் சாத்தியவர்களும் இருக்கிறார்கள்.

உங்கள் மாநிலத்திலேயே நடந்த ஒன்றைச் சொல்கிறேன். ஆன் ஆர்பர் நகரத்தில் எழுபதுகளில் மனித உரிமைக் கட்சி என்ற இடதுசாரிக் கட்சி இருந்தது. அதுவும் ஜனநாயகக் கட்சியும் ஓட்டைப் பங்குபோட, 1973-இல் குடியரசுக் கட்சிக்காரர் பாதி ஓட்டுகூட இல்லாமல் மேயரானார். அதற்கப்புறம் 1, 2, 3 என்று விருப்ப வரிசை போடும் முறையைக் கொண்டுவந்தார்கள். (இலங்கை வாசகர்களுக்கு இது பழக்கம். 2024 அதிபர் தேர்தலில் அங்கே விருப்பு வாக்கை எண்ண வேண்டி வந்தது.) 1975-இல் முதல் எண்ணிக்கையில் குடியரசுக் கட்சி மேயருக்கு 49 சதவீதம், ஜனநாயகக் கட்சியின் ஆல்பர்ட் வீலருக்கு 40, மனித உரிமைக் கட்சிக்கு 11. அந்த 11-இன் இரண்டாம் விருப்பத்தைப் பிரித்துச் சேர்த்ததும் வீலர் 121 ஓட்டில் ஜெயித்தார். ஆன் ஆர்பரின் முதல் கறுப்பின மேயர் அவர். மனசுக்குப் பிடித்தவருக்கும் போட்டார்கள், பிடிக்காதவரையும் தடுத்தார்கள்.

மறு வருடமே அந்த முறையை வாக்கெடுப்பில் தூக்கிவிட்டார்கள். 2021-இல் அதே ஊர் மக்கள் மறுபடியும் அதற்குச் சம்மதம் தந்தார்கள். மாநிலச் சட்டம் இடம் கொடுத்தால்தான் நடைமுறைக்கு வரும். மாநிலத் தலைநகர் லான்சிங்கில் சட்டமன்றத்தில் இருக்கும் உங்கள் தொகுதி உறுப்பினருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள் சுமதி. உங்கள் வீட்டுக்காரரும் அதில் கையெழுத்துப் போடுவார் என்று நினைக்கிறேன்.