உங்கள் வாள் கொள்ளையன் கைக்கு எப்படிப் போனது?

கேள்வி: ஸ்கைரிம் ஸ்பெஷல் எடிஷன் கணினி விளையாட்டில் எனக்கென்று ஒரு வாள் வேண்டும் என்று, விளையாட்டைத் திருத்த உதவும் கிரியேஷன் கிட் மென்பொருளில் ஸ்டீல் ஸோர்டைத் திறந்து பெயரை மாற்றினேன், டேமேஜை (தாக்கும் வலிமையை) 8-இலிருந்து 30 ஆக்கினேன். இப்போது வழியில் வரும் கொள்ளையர்கள் கையிலும் அதே வாள். இரண்டே வெட்டில் செத்துப்போகிறேன். எங்கே தப்பு? தமிழில் பெயர் வைத்தால் கட்டம் கட்டமாகத் தெரிகிறதே, அதற்கு வழி உண்டா?

பதில்: வெட்கப்படாதீர்கள். என் முதல் மாடில் (விளையாட்டில் நாமே செய்யும் திருத்தத்தில்) நான் ஏற்றியது பூண்டின் விலையை. அப்புறம் பார்த்தால் கடைக்குக் கடை பூண்டு விற்றே பணக்காரன் ஆகிவிட்டேன்.

நடந்தது இதுதான். விளையாட்டில் ஒவ்வொரு பொருளுக்கும் ஃபார்ம் ஐடி என்று ஓர் அடையாள எண் உண்டு. ஸ்டீல் ஸோர்டுக்கு 00013989. கொள்ளையனின் ஆயுதப் பட்டியல், கொல்லனின் சரக்கு, பெட்டிக்குள் கிடக்கும் புதையல் எல்லாமே இந்த எண்ணைச் சொல்லித்தான் வாளைக் கேட்கின்றன. அந்த எண்ணில் இருந்த விவரத்தையே நீங்கள் திருத்தியதால், கேட்டவருக்கெல்லாம் உங்கள் வாள் போய்ச் சேர்ந்துவிட்டது.

அந்தக் கோப்பைத் தூக்கிப்போட்டுவிட்டு மறுபடி தொடங்குவதே சுலபம். ஸ்டீல் ஸோர்டைத் திறந்ததும் வேறு எதையும் தொடாமல், முதலில் மேலே இருக்கும் ஐடி பெட்டியில் உள்ள பெயரை மாற்றி ஓகே அழுத்துங்கள். புதிய ஃபார்ம், அதாவது புதிய பொருள், உருவாக்கவா என்று கிட் கேட்கும். ஆம் என்று சொல்லுங்கள். இப்போது பட்டியலில் இரண்டு வாள் இருக்கும். திருத்தம் கண்ட பொருளின் ஐடிக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு நட்சத்திரக் குறி விழும். அது உங்கள் வாளிடம் மட்டும் இருந்தால் சரி. பழைய ஸ்டீல் ஸோர்டிலும் தெரிந்தால் சேமிக்காமல் வெளியே வந்துவிடுங்கள்.

டேமேஜ் 30 என்பது கொஞ்சம் பேராசை. விளையாட்டின் வலிமையான வாள்களில் ஒன்றான டேட்ரிக் ஸோர்டுக்கே 14தான். புதிய வாளுக்கு 11 அல்லது 12 வையுங்கள், சண்டையில் சுவாரசியம் மிஞ்சும்.

தோற்றத்தை மாற்றுவதாக இருந்தால் ஒரு விஷயம். வாளுக்கு இரண்டு மாடல் உண்டு: பின்னாலிருந்து பார்க்கும்போது தெரிவது ஒன்று, ஃபர்ஸ்ட் பெர்சனில் (பாத்திரத்தின் கண் வழியே பார்க்கும்போது) கையில் தெரிவது இன்னொன்று. இரண்டாவதைக் கிட்டில் ஸ்டாட்டிக் என்ற வகையில் தனிப் பொருளாகச் செய்து இணைக்க வேண்டும். பலர் இதை மறந்துவிட்டு, "கேமராவை மாற்றினால் பழைய வாள் வருகிறதே" என்று தலையைப் பிய்த்துக்கொள்வார்கள்.

வாள் கைக்கு வர கொல்லன் உலையில் செய்முறை வேண்டும். ஸ்டீல் ஸோர்டின் செய்முறையையும் இதே மாதிரி நகலெடுத்து, அதில் உருவாகும் பொருளாக உங்கள் வாளைக் காட்டுங்கள். சாணைக்கல்லில் தீட்டுவதற்குத் தனிச் செய்முறை உண்டு. அதையும் நகலெடுக்காவிட்டால் வாளை மேம்படுத்தவே முடியாது.

சோதிக்க, நீங்கள் நீண்ட நேரம் விளையாடிச் சேமித்து வைத்த சேவ் வேண்டாம். முதல் திரையிலேயே கன்சோலைத் (கட்டளை தட்டும் பெட்டியைத்) திறந்து, ஓர் இடத்துக்கு நேரே கொண்டுபோகும் சி.ஓ.சி. கட்டளையோடு ரிவர்வுட் என்று தட்டினால் நேரே அந்த ஊரில் இறங்குவீர்கள். அங்கேயே உலையும் இருக்கிறது. கூடவே வழியில் ஒரு கொள்ளையனையும் பாருங்கள், அவன் கையில் சாதாரண ஸ்டீல் ஸோர்டு இருந்தால் வேலை முடிந்தது.

தமிழ்ப் பெயருக்கு வருவோம். விளையாட்டோடு வரும் எழுத்துருவில் தமிழ் எழுத்துகள் இல்லை, அதனால்தான் கட்டங்கள். எழுத்துருவை மாற்றுவது தனிப் பெரிய வேலை. ஒரு வாளுக்காக அதில் இறங்க வேண்டாம். பெயரைத் தமிழாகவே வைத்து ஆங்கில எழுத்தில் எழுதுங்கள்.

நண்பர்களுக்குக் கொடுப்பதற்கு முன் மாட் கோப்புகளின் உள்ளடக்கத்தைக் காட்டும் எஸ்.எஸ்.இ.எடிட் மென்பொருளில் கோப்பைத் திறந்து பாருங்கள். உங்கள் வாளும் இரண்டு செய்முறைகளும், தனி மாடல் செய்திருந்தால் அதுவும்தான் இருக்க வேண்டும். நீங்கள் தொடாத ஏதோ ஒரு குகையோ நாற்காலியோ தெரிந்தால், கிட்டில் தெரியாமல் கை பட்டிருக்கிறது என்று அர்த்தம். வலது கிளிக் செய்து நீக்குங்கள். இன்னொன்று, சாதாரண பிளக்இன்கள் (மாட் கோப்புகள்) 254-க்கு மேல் ஏறாது. இவ்வளவு சின்ன மாட் ஓர் இடத்தைப் பிடித்துக்கொள்வது நியாயமில்லை. அங்கேயே ஃபார்ம் ஐடிகளைச் சுருக்கிவிட்டு, அந்தக் கணக்கில் சேராத லைட் பிளக்இன் என்று குறித்துவிடுங்கள். ஆனால் வெளியே கொடுப்பதற்கு முன்பே இதைச் செய்யுங்கள். கொடுத்த பிறகு சுருக்கினால் எண் மாறும், நண்பர் அடுத்த முறை சேவைத் திறக்கும்போது அவர் கையில் வாள் இருக்காது.