அந்தஸ்து ஆட்டம் காணும்போது ரிஸ்க் எடுக்கத் தோன்றுவது ஏன்? கேள்வி பதில்

சென்னையில் ஒரு வங்கியின் கடன் பிரிவில் 22 வருடம் இருந்தேன். மேசைக்கு எதிரே உட்காரும் ஒருவர் எவ்வளவு ரிஸ்க் எடுப்பார் என்பதைச் சம்பளச் சீட்டைப் பார்த்துச் சொல்ல முடிந்ததே இல்லை. அவர் ஏறுகிறாரா, இறங்குகிறாரா, அதை யார் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று தெரிந்தால் ஓரளவு சொல்ல முடிந்தது. அதைப் புரிந்துகொள்ளத்தான் பொருளாதாரமும் உளவியலும் படிக்கத் தொடங்கினேன். இதைப் பற்றி நீங்கள் அனுப்பிய கேள்விகளில் எட்டுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

வியாசர்பாடியிலிருந்து: மேடம், இழக்க ஒன்றும் இல்லாதவன் எதற்கும் துணிவான் என்கிறார்கள். எங்கள் தெருவில் நான் பார்ப்பது அப்படி இல்லையே?

நீங்கள் பார்ப்பதுதான் சரி. கையிருப்பு இல்லாதவர் பெரும்பாலும் ரொம்ப ஜாக்கிரதையானவர். ஒரு நாள் வண்டி ஓடாவிட்டால் மறுநாள் அரிசிக்கு என்ன வழி என்று கணக்குப் போடுபவருக்கு இருநூறு ரூபாய்கூட இழக்க முடியாத தொகைதான்.

ஆனால் ஒரு கோடு இருக்கிறது. அதற்குக் கீழே போனால் கணக்கு தலைகீழாகிறது. 1980இல் தாமஸ் கராக்கோவும் அவருடன் இருந்தவர்களும் ஜன்கோ என்ற சின்னப் பறவைகளை வைத்து இதைச் சோதித்தார்கள். அன்றைய தேவைக்கு இரை போதும் என்றால் அவை நிச்சயமாகக் கிடைக்கும் பக்கம் போயின. போதாது என்ற நிலை வந்ததும், சில நேரம் நிறையக் கிடைக்கும், சில நேரம் ஒன்றுமே கிடைக்காது என்ற பக்கம் போயின. நிச்சயமான இரை உயிரைக் காப்பாற்றப் போதாது என்றால் வேறு என்ன செய்யும்?

மனிதருக்கு இன்னொன்றும் சேருகிறது. ஒரே ஆள் இன்ஷூரன்ஸும் கட்டி லாட்டரியும் வாங்குவது ஏன் என்று 1948இல் மில்டன் ஃப்ரீட்மனும் லியோனர்ட் சாவேஜும் கேட்டார்கள். சின்ன லாபம் நம்மை இருக்கும் இடத்திலேயே கொஞ்சம் வசதியாக வைக்கும். பெரிய லாபம் வேறு வர்க்கத்துக்கே கொண்டுபோகும், அந்த வாய்ப்புக்குத் தனி விலை கொடுக்க மனிதர்கள் தயார் என்பது அவர்கள் தந்த விளக்கம். நம் ஊரில் 1968இல் அண்ணா ஆட்சியில் 'விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு' என்று வந்த பரிசுச்சீட்டு 2003இல் தடை செய்யப்படும் முன் நன்றாக விற்றதற்கு இந்த ஆசையும் ஒரு காரணம். சீட்டு வாங்கியவர்களை முட்டாள்கள் என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன். மேலே போக அவர்கள் கண்ணுக்குத் தெரிந்த ஒரே படி அதுதான்.

வேளச்சேரியிலிருந்து ஒரு சகோதரி: என் கணவர் ஓ.எம்.ஆரில் 14 வருடம் ஐ.டி. வேலை பார்த்தார். போன வருடம் வேலை போய்விட்டது. சீட்டுக்கட்டைத் தொட்டறியாத மனுஷன், இப்போது காலை ஒன்பதேகால் ஆனால் கதவைச் சாத்திக்கொண்டு ஆப்ஷன் டிரேடிங் செய்கிறார், பங்கு விலை ஏறுமா இறங்குமா என்று பணம் கட்டுகிறார். ஏழு லட்சம் போய்விட்டது. வேலை போனதே என் மாமியாருக்கு இன்னும் தெரியாது. ஏன் இப்படி மாறிவிட்டார்?

உங்கள் கேள்வியைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன். அவருடைய குணம் கெட்டுவிட்டதாக நினைக்காதீர்கள் அம்மா. அவர் மனசுக்குள் இன்னும் பழைய சம்பளத்தில்தான் நிற்கிறார். அங்கிருந்து பார்த்தால் இன்றைய ஒவ்வொரு நாளும் நஷ்டம்.

நஷ்டத்தில் நிற்பவர் எப்படி முடிவெடுப்பார் என்பதை டேனியல் கானமனும் ஏமோஸ் ட்வெர்ஸ்கியும் 1979இல் காட்டினார்கள். நிச்சயமாக 3,000 கிடைக்கும், அல்லது 4,000 கிடைக்க 80 சதவீத வாய்ப்பு என்று கேட்டபோது, 80 சதவீதம் பேர் நிச்சயமான 3,000 போதும் என்றார்கள். அதையே திருப்பி, நிச்சயமாக 3,000 போகும், அல்லது 4,000 போக 80 சதவீத வாய்ப்பு என்று கேட்டபோது, 92 சதவீதம் பேர் சூதாட்டத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். கேள்வி எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்பது மட்டும்தான் மாறியது. உங்கள் கணவர் இப்போது இரண்டாவது கேள்விக்குத்தான் தினமும் பதில் சொல்கிறார்.

இதில் அவர் தனி ஆளும் இல்லை. 2021-22 முதல் 2023-24 வரை மூன்று ஆண்டுகளை, பங்குச்சந்தையைக் கண்காணிக்கும் செபி ஆராய்ந்தது. ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன் இரண்டும் சேர்ந்த எஃப் அண்ட் ஓவில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேருக்கு நஷ்டம், ஆளுக்குச் சராசரியாக இரண்டு லட்சம், மொத்தத்தில் 1.8 லட்சம் கோடிக்கு மேல். நஷ்டப்பட்டவர்களில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் அதன் பிறகும் விடவில்லை. விட்டதை விட்ட இடத்திலேயே பிடிக்க வேண்டும் என்ற நினைப்பு அவ்வளவு பலமானது.

என்ன செய்யலாம்? முதலில் ரகசியத்தை உடையுங்கள். மாமியாருக்குத் தெரியாத ஒவ்வொரு நாளும், எல்லோருக்கும் தெரிவதற்குள் பழைய இடத்துக்குப் போய்விட வேண்டும் என்ற அவசரத்தை அவருக்குள் கூட்டுகிறது. அவரே தன் அம்மாவிடம் சொல்லட்டும். நீங்கள் பக்கத்தில் இருங்கள். ஒரு வாரம் அழுகையும் கோபமும் இருக்கும், அப்புறம் அந்த அவசரம் தணியும். இரண்டாவது, டிரேடிங் கணக்கில் எஃப் அண்ட் ஓ பகுதியை மட்டும் நிறுத்திவைக்க முடியும். அவர் சம்மதத்தோடு அதைச் செய்யுங்கள். மூன்றாவது, பள்ளிக் கட்டணம், வீட்டு இ.எம்.ஐ., மளிகை எல்லாம் சேர்த்து மாதம் எவ்வளவு வேண்டும் என்று ஒரு தாளில் எழுதுங்கள். பழைய சம்பளத்தை விட்டு அந்தத் தொகையிலிருந்து அளக்க ஆரம்பித்தால், பாதிச் சம்பள வேலைகூட நஷ்டமாகத் தெரியாது.

அவர் பேச்சில் வாழ்க்கையே வெறுத்துப்போன தொனி வந்தால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள். 104, 14416 என்ற உதவி எண்கள் இரண்டிலும் இலவசமாகப் பேசலாம்.

மயிலாப்பூரிலிருந்து ஒரு பெரியவர்: ஆர்பத்நாட் வங்கி திவாலானதில் குடும்பச் சொத்தே போனதாக என் தாத்தா சொல்வார். அத்தனை பெரிய மனிதர்கள் ஏன் அப்படிச் சூதாடினார்கள்?

ஐயா, சென்னையின் பெரிய ஆங்கிலேயக் கம்பெனிகள் என்று பாரி, பின்னி, ஆர்பத்நாட் மூன்று பெயரையும் ஒரே மூச்சில் சொன்ன காலம் அது. 1906 அக்டோபர் 22 அன்று ஆர்பத்நாட் கம்பெனி கதவை மூடியது. லண்டனில் தொழில் கூட்டாளியாக இருந்த பேட்ரிக் மெக்ஃபேடியன் செய்த ஊக வணிகம் ஒரு பெரிய காரணம். அவர் ரயில் முன் விழுந்து இறந்தார். இங்கே சர் ஜார்ஜ் ஆர்பத்நாட்டுக்கு 18 மாதச் சிறைத் தண்டனை கிடைத்தது.

வங்கியில் இருந்தவள் என்ற முறையில் எனக்கு இதில் படுவது ஒன்றுதான். சரிவை ஒப்புக்கொண்டு கம்பெனியைச் சுருக்கியிருந்தால் பணம் கொஞ்சம் போயிருக்கும், பெயரும் போயிருக்கும். பெயரைக் காப்பாற்ற எடுத்த ரிஸ்க் ஊரார் பணத்தையும் சேர்த்துக் கொண்டுபோனது. வேளச்சேரி வீட்டின் மூடிய கதவுக்குப் பின்னால் நடப்பதும் ஆர்பத்நாட் ஆபீஸில் நடந்ததும் ஒரே சங்கதி. அந்த அடியிலிருந்துதான் வி. கிருஷ்ணசாமி ஐயர் போன்றோர் முயற்சியில் 1907இல் இந்தியன் வங்கி பிறந்தது.

அண்ணா நகரிலிருந்து: வேலையை விட்டு கேக் வியாபாரம் தொடங்க ஆசை. அப்பா 'நாலு பேர் என்ன சொல்வாங்க' என்கிறார். எங்களைவிட வசதியானவர்களும் செய்கிறார்கள், வசதி குறைந்தவர்களும் செய்கிறார்கள். எங்களுக்கு மட்டும் ஏன் இந்தப் பயம்?

நன்றாகக் கவனித்திருக்கிறீர்கள். நடுவில் இருப்பவர்தான் வழக்கத்தை விட்டு விலக அதிகம் பயப்படுவார் என்பது சமூகவியலில் பழைய கருத்து. டேமன் ஃபிலிப்ஸும் எஸ்ரா சக்கர்மனும் 2001இல் சட்ட நிறுவனங்களிடமும் பங்குச்சந்தை ஆய்வாளர்களிடமும் இதைப் பார்த்தார்கள். மேலே இருப்பவர் எது செய்தாலும் அவர் இடம் பறிபோகாது. கீழே இருப்பவரை எப்படியும் யாரும் கணக்கில் எடுப்பதில்லை. நடுவில் இருப்பவருக்கு மட்டும் ஒரு அடி தப்பாக வைத்தால் இடமே போயிற்று.

அப்பா பயப்படுவது பணத்துக்கா, முகத்துக்கா என்று கேட்டுப் பாருங்கள். பணம் என்றால் ஒரு தொகையையும் ஒரு தேதியையும் முடிவு செய்து, அதோடு நிறுத்திக்கொள்கிறேன் என்று எழுதிக் கொடுங்கள். முகம் என்றால், வேலையில் இருந்துகொண்டே வார இறுதியில் ஆறு மாதம் செய்யுங்கள். ஆர்டர் வர ஆரம்பித்ததும் அந்த நாலு பேரில் இரண்டு பேர் வாடிக்கையாளராகவே வந்துவிடுவார்கள்.

ஆவடியிலிருந்து: எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி நான். ஆபீஸில் 'ரிஸ்க் எடு, மனசுக்குப் பிடித்ததைச் செய்' என்று சொல்பவர்கள் எல்லோருக்கும் சொந்த வீடு இருக்கிறது. நான் கோழையா, மேடம்?

இல்லை தம்பி. அவர்கள் விழுந்தால் மாம்பலத்து வீட்டு மெத்தையில் விழுவார்கள். நீங்கள் விழுந்தால் அம்மாவின் மருந்து, தங்கையின் படிப்பு எல்லாமே சேர்ந்து விழும். இரண்டையும் ரிஸ்க் என்ற ஒரே சொல்லால் சொல்வது நியாயமே இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கார்லா ஹாஃபும் பிரியங்கா பாண்டேயும் உத்தரப் பிரதேசக் கிராமங்களில் 6, 7ஆம் வகுப்புப் பையன்களிடம் புதிர்ப்பாதைகளைக் கொடுத்துத் தீர்க்கச் சொன்னார்கள். சாதியைச் சொல்லாதபோது பிள்ளைகளுக்குள் பெரிய வித்தியாசம் இல்லை. எல்லோர் முன்னும் சாதியைச் சொன்னதும் ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகள் தீர்த்த புதிர்களின் எண்ணிக்கை இறங்கியது. தன் உழைப்பை நியாயமாக எடை போடமாட்டார்கள் என்று தெரிந்த இடத்தில் முழு மூச்சாக இறங்க யாருக்கு மனம் வரும்? நம் விழுப்புரம், திருவண்ணாமலைப் பக்கத்துக் கரும்பு விவசாயிகள் 464 பேரிடம் நடந்த ஆய்வு 2013இல் வெளிவந்தது. அறுவடைக்கு முன் பணமுடையில் இருந்தபோது யோசனைத் திறனைச் சோதிக்கும் கேள்விகளில் தடுமாறியவர்களே, அறுவடைப் பணம் வந்த பிறகு நன்றாகச் செய்தார்கள். ஆகவே முதலில் ஆறு மாதச் செலவை ஒரு டெபாசிட்டில் போட்டு ஒதுக்குங்கள். உங்களுக்கான மெத்தையை நீங்களே தைக்க வேண்டியிருக்கிறது; அதற்கு இரண்டு வருடம் ஆனாலும் ஆகட்டும்.

புழலிலிருந்து: இரவில் பீச் ரோட்டில் பைக் ரேஸ் விடும் பையன்களுக்கு உயிர்ப் பயமே கிடையாதா?

உண்டு. தனியாக ஓட்டும்போது அது வேலை செய்கிறது. 2005இல் மார்கோ கார்டனரும் லாரன்ஸ் ஸ்டைன்பெர்க்கும் செய்த சோதனையில், நண்பர்கள் பக்கத்தில் இருந்தபோது கம்ப்யூட்டர் கார் விளையாட்டில் இளம்பிள்ளைகள் கூடுதல் ரிஸ்க் எடுத்தார்கள். பெரியவர்களிடம் அந்த மாற்றம் அவ்வளவு இல்லை. வீட்டிலோ படிப்பிலோ ஒரு இடம் கிடைக்காத பையனுக்கு அந்த இரவில், அந்தக் கூட்டத்தில் ஒரு இடம் கிடைக்கிறது. ஃபுட்பால், பாக்சிங், கேரம் என்று கூட்டம் பார்க்கிற வேறு இடம் கொடுத்தால் நிறையப் பேர் வந்துவிடுவார்கள்.

தாம்பரத்திலிருந்து: பதவி உயர்வுக்குப் பிறகு துணிந்து முடிவெடுக்கிறேன். நல்லதுதானே சார்?

மேடம் என்றே சொல்லலாம்! அதிகாரம் வந்ததும் நல்லதே நடக்கும் என்ற எண்ணம் கூடுகிறது, அதனால் ரிஸ்க்கும் கூடுகிறது என்று 2006இல் ஆண்டர்சனும் கலின்ஸ்கியும் காட்டினார்கள். பதவி ஆட்டம் காணும்போது என்ன ஆகும் என்பதில் ஆய்வுகள் ஒத்துப்போகவில்லை; சிலர் ஒடுங்குகிறார்கள், சிலர் மன அழுத்தத்தில் இன்னும் பாய்கிறார்கள். பெரிய முடிவுக்கு முன், பதவிக்கு முன்பிருந்தே உங்களை எதிர்த்துப் பேசும் ஒருவரிடம் கேட்டுவிடுங்கள்.

கொளத்தூரிலிருந்து ஒரு தந்தை: மகள் கல்யாணத்துக்குப் பத்து லட்சம் வெளியே வாங்கப் போகிறேன், இரண்டு வட்டி. என் தங்கை போன வருடம் பெரிய மண்டபத்தில் செய்தாள். ரிஸ்க் எல்லாம் எடுக்காத ஆள் நான். இது சரிதானா?

அண்ணா, நீங்கள் எடுக்கப் போவதுதான் இன்று வந்த கேள்விகளிலேயே பெரிய ரிஸ்க்குகளில் ஒன்று. மண்டபத்தைக் கௌரவம் என்று கூப்பிடுவதால் அது தெரிவதில்லை. அமெரிக்காவின் நாஸ்கார் கார் பந்தயங்களை ஆராய்ந்து 2007இல் வந்த ஒரு கட்டுரை, தனக்குச் சற்றுப் பின்னால் இருப்பவர்கள் நெருக்கும்போது ஓட்டுநர்கள் அதிகம் மோதிக்கொள்கிறார்கள் என்றது. உங்களுக்கு அப்படி நெருக்கத்தில் தெரிவது தங்கை வீடு.

பத்து லட்சத்துக்கு இரண்டு வட்டி என்றால் மாதம் 20,000. ஒரு வருடத்துக்கு 2,40,000. அசல் அப்படியே நிற்கும். மொய் வரும் என்று நினைத்தால், அதுவும் நீங்கள் திருப்பிச் செய்ய வேண்டிய கடன்தான். மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் இந்தக் கணக்கை மகளிடமே காட்டுங்கள். சின்ன மண்டபம் போதும்ப்பா என்று அவள் சொல்ல வாய்ப்பிருக்கிறது. தங்கையிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள், போன வருடக் கடனில் இன்னும் எவ்வளவு பாக்கி என்று.