‘வற்றாத ஓடை’ என்று விற்கும் மலை நிலம்: முன்பணம் கொடுக்கும் முன்

கேள்வி: மலைச்சரிவில் ஓடையை ஒட்டி ஒரு நிலம் விலைக்கு வருகிறது. மழைக்காலம் முடிந்த கையோடு போய்ப் பார்த்தேன். முழங்கால் அளவுக்குத் தெளிந்த தண்ணீர் ஓடியது. வருடம் முழுக்க வற்றாது என்கிறார் தரகர். ஓடைக்கரைச் சமதளத்தில் வீடு கட்டி, கரையைச் சுத்தம் செய்து, சின்னத் தடுப்பணை போட்டுக் குழாயில் தண்ணீர் எடுக்கலாம் என்று நினைக்கிறேன். சரியாக வருமா?

பதில்: முன்பணம் இன்னும் கொடுக்கவில்லை என்றால் கொடுக்காதீர்கள். நீங்கள் ஓடையைப் பார்த்த நேரம் விற்பவருக்குச் சாதகமான நேரம். வெப்பமண்டல மலைகளில் மழை நின்ற பிறகும் மண்ணும் பாறை இடுக்குகளும் குடித்த நீரை வாரக்கணக்கில் கசியவிடும். சேறு அடங்கியிருக்கும், தண்ணீர் கண்ணாடியாகத் தெரியும். அந்த நாட்களில் எந்த ஓடையும் வற்றாத ஓடைதான். தரகர்கள் வாடிக்கையாளரை மலைக்குக் கூட்டிப்போவதும் பெரும்பாலும் அந்த மாதங்களில்தான்.

கோடையின் கடைசி வாரத்தில், அடுத்த மழை தொடங்கும் முன், மறுபடி போங்கள். ஒரு வாளியும் கடிகாரமும் போதும். ஓடை குறுகி விழும் இடத்தில் வாளியைப் பிடித்து எத்தனை விநாடியில் நிறைகிறது என்று பாருங்கள். 10 லிட்டர் வாளி நிறைய 100 விநாடி ஆனாலும் ஒரு நாளைக்கு 8,640 லிட்டர் வருகிறது. ஒரு வீட்டுக்கு அது தாராளம். ஆகவே நூல் போல ஓடினாலும் பயப்பட வேண்டாம். அந்த நூல் அறுகிறதா என்பதுதான் கேள்வி. “அதுவரை காத்திருக்க முடியாது, வேறு ஆள் வாங்கிவிடுவார்” என்று அவசரப்படுத்தினால், அந்த நிலத்தை அந்த வேறு ஆளே வாங்கட்டும்.

கல்லைப் புரட்டினால் பூச்சி தெரிகிறது, ஆகவே வற்றாத ஓடை என்றும் சிலர் காட்டுவார்கள். மேஃபிளை போன்ற பூச்சிகளில் பல, வெதுவெதுப்பான நீரில் சில வாரங்களிலேயே வளர்ந்து பறந்துவிடும். மழைக்கால நீர் அவற்றுக்குப் போதும். பாறையோடு தட்டையாக ஒட்டிக்கிடக்கும், பல மாதங்கள் தண்ணீரிலேயே வளரும் வண்டுப் புழுக்கள் நிறைய இருந்தால் அது ஓரளவு நல்ல சாட்சி. வாளிக் கணக்குக்கு அதுவும் ஈடாகாது.

கோடையில் காய்ந்து தெரிந்தால் அது வற்றும் ஓடை என்பதற்கு உள்ள ஒரு விதிவிலக்கை மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதை வைத்துத்தான் ஏமாற்றுவார்கள். பெரிய உருண்டைக் கற்களும் சரளையும் நிரம்பிய ஓடையில், கோடையில் மேலே சொட்டுக்கூடத் தெரியாமல், கற்களுக்கு அடியில் நீர் போய்க்கொண்டிருக்கலாம். “அடியில் ஓடுதுங்க” என்று தரகர் சொல்வது சில சமயம் உண்மை. சோதிப்பது எளிது. படுகையோடு மேலும் கீழும் நடங்கள். எங்காவது முழுப்பாறை இக்கரையிலிருந்து அக்கரை வரை படுகையைக் குறுக்காக மறித்துக் கிடக்கும். அடியில் வரும் நீருக்கு அங்கே போக வழியில்லை, மேலே வந்தே ஆக வேண்டும். அந்தப் பாறை மேல் நீர் வழிந்தால் அவர் சொல்வது சரி. பாறையே வெடித்து விரிசல் விட்டிருந்தால் இந்தச் சோதனை ஏமாற்றும். கெட்டியான, விரிசல் இல்லாத பாறையாகப் பாருங்கள். அதுவும் காய்ந்து, மேல்பக்கக் குழியிலும் ஈரம் இல்லை என்றால் அடியில் ஒன்றும் ஓடவில்லை. பாறை மறிப்பே கண்ணில் படவில்லையா? கோடையில் சரளையில் ஒரு குழி தோண்டி, ஊறும் நீரை இறைத்துவிட்டு, ஒரு மணி நேரத்தில் எவ்வளவு திரும்புகிறது என்று பாருங்கள். தோண்ட விடமாட்டேன் என்றால் பேச்சை முடித்துக்கொள்ளுங்கள்.

நிலத்துக்கு மேலே என்ன நட்டிருக்கிறார்கள் என்பதையும் பாருங்கள். நீலகிரியில் புல்வெளியில் யூக்கலிப்டஸ் நட்டு நடத்திய சோதனையில், அந்த நீர்ப்பிடிப்பிலிருந்து வந்த நீர் முதல் சுற்றில் சுமார் 16 சதவீதமும், வெட்டித் துளிர்த்த இரண்டாம் சுற்றில் சுமார் 25 சதவீதமும் குறைந்தது. போன தலைமுறையின் வற்றாத ஓடை இந்தத் தலைமுறையில் வற்றலாம்.

அடுத்தது வீடு. உங்கள் கேள்வியில் என்னை அதிகம் பயமுறுத்துவது அந்தச் சமதளம்தான். செங்குத்தான மலையில், ஓடைக்கரையில் சமதளம் எப்படி வந்தது? பெரும்பாலும் ஓடையே கொண்டுவந்து கொட்டியது, அது மறுபடியும் வரும். 1999 டிசம்பரில் வெனிசுவேலாவின் வர்காஸ் பகுதியில் ஏராளமானோர் இறந்தது, மலையோடைகள் விசிறி போலக் கொட்டி வைத்த அப்படிப்பட்ட தளங்களில்தான். 2024 ஜூலை 30 அன்று வயநாட்டில் சரிந்த மண்ணும் பாறையும் மலையாற்றின் வழியே சுமார் 8 கிலோமீட்டர் போயின. பெருங்கல்லும் சிறுகல்லும் சேறும் தரம் பிரியாமல் கலந்து கிடக்கும் தளம், நீர் வரும் மேல்பக்கமாகப் பட்டை உரிந்து நிற்கும் மரங்கள், தலைக்கு மேல் கிளையில் சிக்கிய சருகுக் குப்பை, இவற்றில் எது தெரிந்தாலும் அங்கே வீடு வேண்டாம்.

“விதிப்படி இத்தனை மீட்டர் தள்ளித்தான் இருக்கிறது” என்று காகிதத்தை நீட்டுவார்கள். இந்த விதிகளை நினைத்தால் எனக்குப் பொறுமை போய்விடுகிறது. தூரத்தை அளக்கிறார்கள், உயரத்தை யாரும் கேட்பதில்லை. ஓடையிலிருந்து 30 மீட்டர் தள்ளி, ஆனால் ஒரு மீட்டர் உயரத்தில் நிற்கும் வீடு முழுகும். அதைவிடக் கொடுமை, தலைப்பக்கச் சிற்றோடைகளில் பல வரைபடத்திலேயே இருக்காது. வரைபடத்தில் இல்லாத ஓடைக்கு விதியும் இல்லை, அனுமதி சுலபமாகக் கிடைத்துவிடும். மழைக் கணக்கோ அடிவாரத்து மழைமானியிலிருந்து எடுத்தது. உச்சியில் அதைவிடப் பல மடங்கு கொட்டலாம். நீங்கள் நிற்கும் இடத்தில் ஒரு தூறல்கூட இல்லாமலே ஒரு மணி நேரத்துக்குள் வெள்ளம் வரலாம். ஆகவே அனுமதிச் சீட்டு உங்களைக் காப்பாற்றாது. நீங்கள் கண்ட மிக உயரமான வெள்ளக்குறியைவிட நன்றாக மேலே, உறுதியான சரிவில் இடம் தேடுங்கள்.

‘சுத்தம் செய்வது’ என்ற பேச்சே வேண்டாம். ஜேசிபிக்காரர் ஓடையை நேராக்கித் தருகிறேன், கற்களை நானே எடுத்துக்கொள்கிறேன், கூலிகூடக் குறைவு என்பார். கல்லை விற்கத்தான் வருகிறார். அந்தக் கற்கள்தான் படிக்கட்டு போல நின்று, ஒவ்வொரு மடுவிலும் நீரின் வேகத்தைக் கொல்கின்றன. எடுத்துவிட்டால் ஓடை தன் தரையையே அரித்து இறங்கும், கரை சரியும், பக்கத்துக் கிணற்றின் மட்டமும் கூடவே இறங்கும். கரை மரங்களையும் தொடாதீர்கள். ஓடையில் வாழும் பலவற்றுக்கு அவற்றின் சருகே உணவு, நிழலே உயிர்: 20 டிகிரி நீரில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் ஆக்ஸிஜன் கரையும் என்றால், 30 டிகிரியில் சுமார் 7.5தான்.

தடுப்பணையும் வேண்டாம். ஒரே வெள்ளத்தில் சரளையால் தூர்ந்துவிடும். மறிக்காமல், பக்கத்து மடுவிலிருந்து சிறு குழாயில் தொட்டிக்கு எடுங்கள், கோடையில் பாதிக்கு மேல் எடுக்காதீர்கள். தெளிவாக இருக்கிறதே என்று காய்ச்சாமல் குடிக்கவும் வேண்டாம். உங்கள் மலை கடலுக்குப் பக்கத்தில் இறங்குகிறது என்றால் இன்னும் ஒன்று. சில வகை இறால்கள் மேல் ஓடையில் வாழ்ந்து, குஞ்சுகளைக் கழிமுகத்துக்கு மிதக்கவிடும். வளர்ந்தவை திரும்ப மேலே ஏறி வரும். கரீபியன் தீவான போர்ட்டோ ரிக்கோவில் ஓர் ஆற்றின் சிறு அணையில் நீர் எடுத்தபோது, மிதந்து வந்த குஞ்சுகளில் சராசரியாக 42 சதவீதம் குழாயில் போய் மடிந்தன. நீர் குறைந்த நாட்களில் ஒன்றுகூடத் தப்பவில்லை. அவை அதிகமாக மிதப்பது இருட்டிய பிறகு முதல் சில மணி நேரம். அந்த நேரத்தில் வால்வை மூடிவைத்து, விடிந்த பிறகு தொட்டியை நிரப்பிக்கொள்ளுங்கள்.