மாரியில் கோழித்தீன் பூஞ்சணம் பிடிக்காமல் வைப்பது எப்படி?

உப்புவெளியில் பத்துக் கோழி வளர்க்கிறீர்கள், 50 கிலோ மூட்டை பாதியிலேயே பூஞ்சணம் பிடிக்கிறது என்று கேட்டிருந்தீர்கள். பத்து முட்டைக்கோழிக்கு நாளுக்கு ஏறக்குறைய 1.2 கிலோதான் போகும், அப்படியென்றால் அந்த மூட்டை 40 நாள் கிடக்கிறது, ஐப்பசியிலிருந்து தை வரை நம் திருகோணமலை ஈரத்துக்கு அது தாங்காது. இரண்டு கிழமைக்குக் காணுமளவு வாங்குங்கள்.

சீமெந்துத் தரையில் வைக்க வேண்டாம், பலகை போட்டு, சுவரில் படாமல். இறுக்கமான மூடியுள்ள வாளி நல்லது, ஆனால் பழைய தீனுக்கு மேல் புதியதைக் கொட்டாதீர்கள்.

கட்டிபட்டதை, புளித்த மணமுள்ளதைத் தயவுசெய்து எறிந்துவிடுங்கள். வெயிலில் காயவைத்தால் சரி என்பார்கள். ஈரம் போகும், பூஞ்சணம் உண்டாக்கும் அஃப்ளாடொக்சின் என்ற நஞ்சு அப்படியே இருக்கும், அது கோழியின் ஈரலைக் கெடுக்கும். தாராவுக்கு இன்னும் மோசம்.