மூளைக்கு ஸ்டெம் செல்: கேட்டதும் சொன்னதும்

நரம்பு ஸ்டெம் செல்களைத் தட்டில் வளர்க்கும் வேலையில் எட்டு வருடம் இருந்தவள் நான். டாக்டர் இல்லை, மருந்துச் சீட்டெல்லாம் எழுத மாட்டேன். மற்றபடி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள்.

அக்கா, மூளைச் செல் செத்தால் செத்ததுதான், மறுபடி வராது என்றுதானே பள்ளியில் படித்தோம்?

அந்தப் பாடம் பாதி சரி. 1960களிலேயே ஜோசப் ஆல்ட்மன் என்பவர் எலி மூளையில், பிறந்த பிறகும் புது நியூரான், அதாவது நரம்புச் செல், உருவாவதைக் காட்டினார். 1965இல் வந்த கட்டுரையை அவரோடு சேர்ந்து எழுதியவர் கோபால் தாஸ். ரொம்ப நாள் அதை யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 1992இல் கனடாவின் கால்கரியில் ரேனால்ட்ஸ், வைஸ் என்ற இருவர் வளர்ந்த சுண்டெலியின் மூளையிலிருந்து செல்களைப் பிரித்துத் தட்டில் வளர்த்தார்கள். அவை தட்டின் அடியில் ஒட்டாமல், வெந்த ஜவ்வரிசி மாதிரி உருண்டை உருண்டையாக மிதக்கும். உருண்டையை உடைத்துவிட்டால் அதிலுள்ள சில செல்கள் மறுபடி புது உருண்டை கட்டும். செல்லைப் பெருகத் தூண்டும் வளர்ச்சிக் காரணியைத் திரவத்திலிருந்து எடுத்துவிட்டால் நியூரானாகவோ, நியூரானைத் தாங்கிப் பிடிக்கும் வேறு வகைச் செல்லாகவோ மாறிவிடும். தன்னையும் பெருக்கிக்கொள்ள வேண்டும், வேறாகவும் மாற வேண்டும், இந்த இரண்டும் இருந்தால்தான் ஸ்டெம் செல்.

மனித மூளையிலும் அப்படியா?

இதில் சண்டை இருக்கிறது. ஞாபகத்துக்கு முக்கியமான ஹிப்போகேம்பஸ் பகுதியில் பெரியவர்களுக்கும் புது நியூரான் வருகிறது என்று 1998இல் ஒரு குழு சொன்னது. 2018இல், சில வாரங்கள் இடைவெளியில், ஒரு குழு "பெரியவர்களிடம் ஒன்றையும் காணோம்" என்றது, இன்னொரு குழு "வயதானவர்களிடமும் இருக்கிறது" என்றது. இருக்கிறது என்பவர்கள் பக்கம்தான் நான். ஆனால் இருந்தாலும் கொஞ்சம்தான், பக்கவாதத்தில் போன இடத்தைத் தானாக நிரப்பும் அளவுக்கு நிச்சயம் இல்லை.

அப்பாவுக்குப் பார்கின்சன், ஏழு வருடமாக மாத்திரையில் இருக்கிறார். ஸ்டெம் செல் வைத்தால் குணமாகுமா மேடம்?

மூளை நோய்களில் ஓரளவு நம்பிக்கையோடு பேசக்கூடியது இது ஒன்றுதான், அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். பார்கின்சனில் உங்கள் அப்பாவின் நடையையும் கை நடுக்கத்தையும் கெடுப்பது முக்கியமாக ஒரே வகைச் செல்லின் இழப்பு, அதாவது நடுமூளையில் டோபமைன் என்ற, அசைவுக்குத் தேவையான வேதிப்பொருளைச் சுரக்கும் நியூரான்கள். போனது இன்ன செல் என்று தெரிவதால், அதையே செய்து வைக்கலாம் என்று யோசிக்க முடிகிறது.

1987இல் ஸ்வீடனின் லுண்ட் நகரத்தில், கருக்கலைப்பில் கிடைத்த கருவின் மூளைத் திசுவை நோயாளிகளுக்கு வைத்துப் பார்க்க ஆரம்பித்தார்கள். சிலருக்கு நன்றாகவே பலன் இருந்தது. 2001இல் அமெரிக்காவில் 40 பேரை வைத்து நடந்த சோதனையில், பாதிப் பேருக்கு மண்டையில் ஓட்டை மட்டும் போட்டுச் செல் வைக்காமல் விட்டார்கள். கொடூரமாகத் தோன்றும், ஆனால் பார்கின்சனில் "எனக்கு ஏதோ வைத்திருக்கிறார்கள்" என்ற நம்பிக்கைக்கே கை நடுக்கம் குறையும், அதைக் கழித்துப் பார்க்க வேறு வழியில்லை. முடிவு ஏமாற்றம்தான். அதோடு சிலருக்கு மாத்திரையைக் குறைத்தபிறகும் கைகால் தானாக நெளிவது நிற்கவில்லை.

இப்போது கருத்திசுவை விட்டுவிட்டு, ஸ்டெம் செல்லிலிருந்து லேபிலேயே டோபமைன் செல்லாகப் போகிற இளம் செல்களைச் செய்கிறார்கள். 2025 ஏப்ரலில் இரண்டு சோதனைகளின் முடிவு ஒன்றாக வந்தது. கியோட்டோவில் 7 பேருக்கு வைத்தார்கள். பலன் பார்த்த 6 பேரில் 4 பேருக்கு, மாத்திரையின் வேகம் இறங்கிய நேரத்திலும் அசைவு முன்பைவிடத் தேறியது. அமெரிக்காவிலும் கனடாவிலும் 12 பேருக்கு வைத்தார்கள். இரண்டிலும் வைத்த செல் கட்டியாக மாறவில்லை. ஆனால் இரண்டிலும் ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழு இல்லை, அதனால் "பாதுகாப்பாகத் தெரிகிறது" என்ற அளவில்தான் இப்போது பேச முடியும்.

ஒரு விஷயம் பலருக்கு வேடிக்கையாக இருக்கும். செல் செத்த இடத்தில் வைப்பதில்லை, அந்தச் செல்லின் நார் போய்ச் சேர வேண்டிய இடமான பியூட்டாமனில் வைக்கிறார்கள். வளர்ந்த மூளைக்குள் ஒரு நரம்பு நார் அவ்வளவு தூரம் வழி கண்டுபிடித்துப் போய்ச் சேருவது கஷ்டம், அதனால் கடையை வாடிக்கையாளர் வீட்டு வாசலிலேயே போட்டுவிடுகிறார்கள்.

அப்பா மாத்திரையை விட வேண்டாம். நரம்பியல் டாக்டரிடம் சோதனைகளைப் பற்றிக் கேளுங்கள், காசு கேட்கும் இடத்துக்குப் போகாதீர்கள்.

இங்கேயே ஒரு கிளினிக்கில் ஆட்டிசத்துக்கும் மூளை வாதத்துக்கும் ஸ்டெம் செல் ஊசி போடுகிறார்கள், சில லட்சம் ஆகும் என்றார்கள். போகலாமா?

வேண்டாம். ரத்த நோய்கள் சிலவற்றைத் தவிர மற்றதற்கு, முறையான சோதனைக்கு வெளியே ஸ்டெம் செல் கொடுப்பது தவறு என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறை சொல்கிறது. காசு போவது மட்டுமில்லை. ஒரு இஸ்ரேலியச் சிறுவன், பிறவியிலேயே நரம்பு நோய் உள்ளவன், மாஸ்கோவுக்குக் கூட்டிப்போய்க் கருவிலிருந்து எடுத்த நரம்பு ஸ்டெம் செல்லை மூளையிலும் தண்டுவடத்தைச் சுற்றியுள்ள திரவத்திலும் போட்டார்கள். நாலு வருடம் கழித்துக் கட்டி. சோதித்தால் அந்தக் கட்டி அவனுடைய செல்லே இல்லை, கொடுத்தவர்களுடையது. 2009இல் வெளியான இந்தக் கேஸை, ஊசி போட்டுக்கொள்ளலாமா என்று கேட்கும் எல்லோரிடமும் சொல்வேன்.

பாட்டிக்கு அல்சைமர். பார்கின்சனுக்கு முடிந்தால் இதற்கு ஏன் முடியாது?

அதில் ஒரு வகைச் செல் போய் நிற்பதில்லை. பல பகுதி, பல வகைச் செல், அவற்றுக்கிடையே எழுபது வருடமாக உருவான இணைப்புகள். பாட்டியின் கல்யாண ஞாபகம் அந்த இணைப்பில்தான் இருக்கிறது, புதுச் செல்லுக்கு அது தெரியாது.

அப்படியென்றால் அல்சைமருக்கு உங்கள் ஆராய்ச்சியால் பயனே இல்லையா?

இருக்கிறது, வேறு வழியில். ஜப்பானிய விஞ்ஞானி யமனாகா 2006இல் எலியிலும் 2007இல் மனிதரிலும் சாதாரணத் தோல் செல்லை ஸ்டெம் செல் நிலைக்குத் திருப்பிக் காட்டினார், 2012இல் நோபல் வாங்கினார். அதன்பிறகு நோயாளியின் தோல் அல்லது ரத்தத்திலிருந்தே அவருடைய மரபணுவோடு நியூரான் செய்து, நோய் எப்படித் தொடங்குகிறது என்று தட்டில் பார்க்கலாம், மருந்தை அதில் போட்டுப் பார்க்கலாம். பிரேசிலில் ஜிக்கா பரவி குழந்தைகள் சிறிய தலையோடு பிறந்தபோது, அந்த வைரஸ் கருவின் நரம்பு முன்னோடிச் செல்களை, அதாவது பின்னால் நியூரானாகப் போகிற இளம் செல்களைத்தான் குறிவைக்கிறது என்று சீக்கிரம் தெரிந்ததும் இந்த மாதிரித் தட்டுகளால்தான். இந்த வேலைக்கு விளம்பரம் கிடையாது, எனக்கென்னவோ இதுதான் பெரிதாகத் தெரிகிறது.

தொப்புள்கொடி ரத்தம் சேமித்து வைத்திருக்கிறோம், மூளை நோய் வந்தால் உதவுமா?

அதில் இருப்பது ரத்தம் உண்டாக்கும் ஸ்டெம் செல். மூளைக்கு அதை நம்பாதீர்கள்.

இந்த லேப் வேலையில் சனி ஞாயிறு லீவு உண்டா அக்கா? எம்எஸ்சி முடித்துவிட்டு யோசிக்கிறேன்.

செல்லுக்கு லீவு கிடையாது. இளஞ்சிவப்பாக இருக்கும் ஊட்டத் திரவம், கவனிக்காமல் விட்டால் புளித்து மஞ்சளாகிவிடும். பொங்கல் அன்றைக்கு அம்மா வீட்டுக்குப் போகிற வழியில் லேபுக்குள் ஓடித் திரவம் மாற்றிவிட்டுப் பட்டுப்புடவையோடு பஸ் பிடித்திருக்கிறேன். அதற்குச் சம்மதம் என்றால் வாருங்கள்.